மாஸ்கோ அமெரிக்கத் தூதரகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், எட்டு மாடி எழும்பிய பிறகு, உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருந்ததால் அமெரிக்கா குடியேற மறுத்த மாஸ்கோ தூதரகக் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

தூதரக வாசலைத் தாண்டினால் அந்த நாட்டு மண்ணை மிதித்ததாகச் சொல்கிறார்களே. அப்படியானால் மாஸ்கோ தூதரக வளாகம் அமெரிக்க மண்தானா?
– வாசகி, கும்பகோணம்

இல்லை. வளாகம் ரஷ்ய மண்தான். உள்ளே ஒரு குற்றம் நடந்தால் அது ரஷ்யாவில் நடந்த குற்றம். உள்ளே ஒரு குழந்தை பிறந்தால், பிறந்த இடத்தை மட்டும் காட்டி அதற்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்க முடியாது.

பிறகு ஏன் போலீஸ் உள்ளே போவதில்லை? 1961 ஏப்ரலில் வியன்னாவில் கையெழுத்தான தூதரக உறவு உடன்படிக்கையின் 22-வது பிரிவுதான் காரணம். தூதரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அரசின் ஆட்கள் யாரும் உள்ளே நுழையக்கூடாது. கட்டடம், மேசை நாற்காலி, வண்டி எதையும் சோதனை போடவோ ஜப்தி செய்யவோ கூடாது. வெளியாட்கள் புகுந்து சேதம் செய்யாமல் காப்பதும் உள்ளூர் அரசின் கடமை. இந்தியாவும் இதை ஏற்றிருக்கிறது. 1972-ல் இதற்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றினோம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாதுகாப்பு தூதரகப் பணிக்குப் பயன்படும் கட்டடத்துக்கும் அதைச் சேர்ந்த நிலத்துக்கும்தான். அந்தக் கட்டடத்துக்காக ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் தூண் வார்த்தால், அந்தத் தொழிற்சாலைக்கு இது எட்டாது. மாஸ்கோ விவகாரம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடந்தது.

நான் கட்டட ஒப்பந்ததாரர். எட்டு மாடி எழும்பிய கட்டடத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தால் தேடி எடுத்துவிட்டுக் குடிபோக வேண்டியதுதானே? ஏன் வேலையையே நிறுத்தினார்கள்?
– வாசகர், கோவை

உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

1969-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன: வாஷிங்டனில் சோவியத் தூதரகத்துக்கு ஓர் இடம், மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஓர் இடம். 1972-ல் கட்டுமான நிபந்தனைகள் முடிவாயின. மாஸ்கோவில் வேலை தொடங்கியது 1979-ல். கட்டியது சோவியத் தரப்பு. தூண், பீம், ஸ்லாப் எல்லாம் பிரீகாஸ்ட். வேறிடத்தில் இருந்த தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, தளத்தில் தூக்கி நிறுத்தினார்கள். கம்பி கட்டும்போதும் கான்கிரீட் ஊற்றும்போதும் பக்கத்தில் நின்று பார்க்க அமெரிக்க ஆள் ஒருவரும் இல்லை.

கருவி வைப்பார்கள் என்பது அமெரிக்கர்களுக்குத் தெரியாமல் இல்லை. வைத்தால் வைக்கட்டும், கட்டி முடித்ததும் கண்டுபிடித்துச் செயலிழக்க வைத்துவிடலாம் என்று நம்பினார்கள். பெருந்தவறு அங்கேதான். அதுவரை அவர்கள் பார்த்தவை, பூச்சுக்குப் பின்னால் மைக் வைத்து ஒயர் இழுத்த கருவிகள். சுவரைக் கொத்தினால் வெளியே வந்துவிடும். இங்கே வைத்தது தூணுக்குள். கம்பிக்கூட்டோடு சேர்த்து ஒயரும் கருவியும் வார்க்கப்பட்டிருந்தன. கட்டடத்தின் எலும்புக்கூடே ஆன்டெனாவாக வேலை செய்யும்படி அமைத்திருந்தார்கள். பாரம் தாங்கும் தூணைக் கொத்தி எடுத்துவிட்டு மேலே மாடியை நிறுத்தி வைக்க முடியுமா? அதனால்தான் ‘எடுத்துவிட்டுக் குடிபோவது’ நடக்கவில்லை.

கண்டுபிடிப்பதும் லேசில்லை. கான்கிரீட் தூணை எக்ஸ்ரே எடுக்க ஒரு பக்கம் கதிர் மூலம், மறுபக்கம் ஃபிலிம் வைக்க வேண்டும். நெருக்கமாகக் கட்டிய கம்பிகளின் நிழல் மேல் நிழல் விழும்போது, அதில் எது கம்பி, எது ஒயர் என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொரு வழி, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலை செலுத்தி, அதன் இரட்டிப்பு அதிர்வெண் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற குறைகடத்திகள் இருந்தால் இரட்டிப்பு அலை வரும். இதை முறியடிக்க, வேலைக்கு ஆகாத டயோடுகளை கான்கிரீட்டில் கலந்து விட்டிருந்தார்கள் என்கின்றன அக்காலச் செய்திகள். சோதனைக் கருவியை எங்கே பிடித்தாலும் மணி அடித்தால், உண்மையானது எதுவென்று யார் சொல்வது?

1985 ஆகஸ்டில் சோவியத் தொழிலாளர்களை வெளியேற்றி வேலையை நிறுத்தினார்கள். 1988-ல் அதிபர் ரீகன் முழுதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பரிந்துரைத்தார். பணம் ஒதுக்க வேண்டிய அமெரிக்க நாடாளுமன்றம் எளிதில் இசையவில்லை. முழுக்க இடிப்பதா, பக்கத்தில் சின்னதாக ஒரு ரகசியக் கட்டடம் எழுப்புவதா, மேல்பகுதியை மட்டும் மாற்றுவதா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. இதற்கிடையே 1991 டிசம்பரில், சோவியத் ஒன்றியம் கலையும் தறுவாயில், சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் தலைவராக இருந்த வதீம் பகாதின் ஒரு காரியம் செய்தார். கட்டடத்தில் எங்கெங்கே என்னென்ன வைக்கப்பட்டது என்று காட்டும் வரைபடங்களை அமெரிக்கத் தூதர் ராபர்ட் ஸ்ட்ராஸிடம் நேரிலேயே கொடுத்துவிட்டார். சொந்த நாட்டில் அவரைத் துரோகி என்று தூற்றியவர்கள் பலர். வரைபடம் கைக்கு வந்த பிறகும் அமெரிக்கர்கள் அந்த மாடிகளில் ரகசியம் பேசத் துணியவில்லை. எங்கள் பார்வையில் அது சரியான முடிவு. கொடுத்த படத்தில் இருப்பதை மட்டும்தான் நீங்கள் சரிபார்க்க முடியும். படத்தில் வராத ஒன்றை எதை வைத்துத் தேடுவது?

கடைசியில் தேர்ந்தது மூன்றாவது வழி. எட்டு மாடியில் மேல் இரண்டை அகற்றினார்கள். அதன்மேல் நான்கு புதிய மாடிகளை எழுப்பினார்கள். இந்தப் பகுதியில் வேலை செய்தவர்கள் பின்னணி சோதிக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்கள் மட்டுமே. பொருள்களும் அமெரிக்காவிலிருந்தே வந்தன. ரகசிய வேலை மேலே, ரகசியமற்ற அன்றாட அலுவல் கீழே என்று பிரித்தார்கள். கட்டடம் பத்து மாடியாகி 2000-ல் திறக்கப்பட்டது, ஒப்பந்தம் போட்டு 31 ஆண்டு கழித்து.

இப்போது இந்த மாதிரிக் கட்டடங்களை எப்படிக் கட்டுகிறார்கள்?
– அதே வாசகர்

மாஸ்கோவில் பட்ட பாடு பிற்பாடு நடைமுறை விதியாக மாறியது. ரகசியப் பகுதிக்கான பொருளைச் சொந்த நாட்டில் வாங்குவார்கள். முன்கூட்டியே இன்ன கடை என்று தெரிந்தால் அங்கே போய்க் கருவி செருக வாய்ப்பு உண்டு என்பதால், கடையையும் சரக்கையும் யாரும் ஊகிக்க முடியாதபடி தேர்வார்கள். சோதித்து, முத்திரையிட்ட கன்டெய்னரில் காவலோடு அனுப்புவார்கள். தளத்தில் சரக்கு வைக்கும் இடத்துக்கு இரவும் பகலும் காவல். உள்ளூர் ஆட்கள் வேலை செய்யும் பகுதியில் அவர்களைக் கண்காணிக்கவே தனி ஆட்கள்.

குண்டுவெடிப்புக்கான விதி தனி. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் லாரி குண்டுகளால் தாக்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். புதிய தூதரகக் கட்டடம் வளாக எல்லையிலிருந்து 100 அடி உள்தள்ளி இருக்க வேண்டும் என்றது அடுத்த ஆண்டு வந்த சட்டம். சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் தூரம் தரும் பாதுகாப்பை அது தராது. வெடிப்பின் அழுத்தம் தொலைவு கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடும். புதிய தூதரகங்கள் ஊரின் நடுவிலிருந்து விலகி, அகலமான மனை தேடிப் போனதற்கு இதுதான் காரணம்.

பேட்டரியும் இல்லாமல் ஒயரும் இல்லாமல் ஏழு ஆண்டு ஒட்டுக்கேட்ட மரச்சின்னம் என்று படித்தேன். இயற்பியல் மாணவனான எனக்கு நம்ப முடியவில்லை. எப்படி?
– மாணவர், காரைக்குடி

நம்பலாம். ஆனால் அது நடந்தது அலுவலகத்தில் அல்ல, தூதர் குடியிருக்கும் ஸ்பாசோ ஹவுஸ் என்ற மாளிகையில். 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர் அமைப்பினர், அமெரிக்க அரசு முத்திரையைக் கைவேலையாக மரத்தில் செதுக்கித் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்குப் பரிசளித்தார்கள். அது தூதரின் படிப்பறைச் சுவரில் 1952 வரை தொங்கியது.

உள்ளே இருந்தது ஓர் உலோக உருளை. குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். அதன் ஒரு முகப்பை 75 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள உலோகச் சவ்வு மூடியிருந்தது. சவ்வுக்குப் பின்னால், மிக நெருக்கமாக, காளான் குடை போன்ற ஓர் உலோகத் தட்டு. சவ்வும் தட்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. உருளையின் பக்கவாட்டிலிருந்து 23 சென்டிமீட்டர் அளவில் ஓர் ஆன்டெனாக் கம்பி. அவ்வளவுதான்.

வெளியே எங்கோ இருந்து சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைப் பாய்ச்சுவார்கள். ஆன்டெனா அதை வாங்கித் திருப்பி அனுப்பும். அறையில் யாராவது பேசினால் சவ்வு அதிரும். சவ்வுக்கும் தட்டுக்கும் இடையிலான தூரம் மாறும், மின்தேக்குத்திறன் மாறும், திரும்பிப் போகும் அலையில் பேச்சு ஏறிவிடும். சக்தி முழுவதும் வெளியிலிருந்து வருவதால் தீர்ந்துபோக உள்ளே எதுவும் இல்லை. வெளியே அலையை அணைத்துவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு. சோதனைக்கு வந்தவர்கள் கையில் சிக்காததும் அதனால்தான். இன்றைய கடைகளில் துணியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி அட்டையும் வெளியிலிருந்து வரும் அலையைக் கொண்டே பதில் சொல்கிறது என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வடிவமைத்தவர் லியோன் தெரெமின். கையால் தொடாமலே வாசிக்கும் தெரெமின் என்ற இசைக்கருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1960 மே மாதம், அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தியதால் எழுந்த வாக்குவாதத்தில், அமெரிக்கப் பிரதிநிதி ஹென்றி கேபட் லாட்ஜ் ஐநா பாதுகாப்பு சபையில் இந்த மரச்சின்னத்தைத் திறந்து காட்டினார்.

டைப்ரைட்டரில் அடித்த எழுத்தையே திருடினார்கள் என்பது உண்மையா? நாற்பது வருடமாக இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன், மெஷினைப் பிரித்து மாட்டியவள். எழுத்தை எப்படித் திருட முடியும்?
– தட்டச்சுப் பயிலக ஆசிரியை, விழுப்புரம்

உண்மை. ஆனால் உங்கள் பயிலகத்து ரெமிங்டன் போல எழுத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக எழும்பி அடிக்கும் மெஷின் அல்ல அது. ஐபிஎம் செலக்ட்ரிக். மின்சாரத்தில் ஓடும். எல்லா எழுத்தும் ஒரே பந்தின் மேல் இருக்கும். விசையை அழுத்தினால் பந்து இவ்வளவு சுழல வேண்டும், இவ்வளவு சாய வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் சில கம்பிகளின் அசைவு முடிவு செய்யும். எந்தக் கம்பி அசைந்தது, எது அசையவில்லை என்று தெரிந்தால் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். பலவீனம் அங்கேதான்.

மெஷினின் அகலத்துக்கு ஓர் அலுமினியச் சட்டம் போகும். அதைக் குடைந்து உள்ளே மின்னணுச் சுற்றை வைத்து, வெளியே தெரியாமல் மூடியிருந்தார்கள். கம்பிகளின் அசைவைச் சட்டத்துக்குள் இருந்த காந்த உணரிகள் படித்தன. சில எழுத்துகள் சேர்ந்ததும் ஒரு நொடிப் பொழுதில் ரேடியோவில் வெளியே அனுப்பின. அனுப்பிய அதிர்வெண், உள்ளூர் டிவி ஒளிபரப்பை ஒட்டியே இருந்ததால் தனியாகத் தெரியவில்லை. சோதனை நடக்கும்போது வெளியிலிருந்தே அணைத்துவிடவும் வசதி இருந்தது. பந்து நகராத விசைகளை, உதாரணமாக இடைவெளியை, அதனால் பிடிக்க முடியவில்லை. படிப்பவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

1984-ல் அமெரிக்கர்கள் தூதரகத்தின் பதினோரு டன் மின்னணுச் சாதனங்களையும் மாற்றி, பழையதைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக எக்ஸ்ரே எடுத்தார்கள். சட்டத்துக்குள் சுருள்கள் தெரிந்தது ஜூலை மாதம். மொத்தம் 16 டைப்ரைட்டர்களில் இருந்தது. சில லெனின்கிராடு துணைத் தூதரகத்தில் இருந்தவை. 1976-லிருந்தே அது நடந்திருக்கிறது. சங்கேத மொழிக்கு மாற்றும் முன்பே, கடிதம் அடிக்கப்படும் கணத்திலேயே போய்விட்டது என்பதுதான் இதில் வேதனையான விஷயம். எவ்வளவு வலிமையான சங்கேதமும் அங்கே உதவாது.

‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்பார்கள். அங்கே வேலை செய்தவர்கள் பிறகு எப்படித்தான் பேசினார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

முக்கியப் பேச்சுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆன தனி அறை ஒன்று இருந்தது. அறைக்குள் அறை. சுவர், தரை எதிலும் ஒட்டாமல் நிற்கும். எதையாவது மறைத்து வைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகவே அப்படி. மற்ற இடங்களில், குழந்தைகள் எழுதி, தாளைத் தூக்கினால் அழிந்துவிடும் விளையாட்டுப் பலகையில் எழுதிக் காட்டிக்கொள்வார்கள்.

தூதரகத்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே போகலாமா? சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், சென்னை

காத்திருக்க வேண்டும். உடன்படிக்கையை எழுதும்போதே தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு விலக்கு வேண்டுமா என்று பேசினார்கள். ஒரு விலக்கு கொடுத்தால் அதையே சாக்காக வைத்து நுழைவார்கள் என்று விலக்கே இல்லாமல் விட்டுவிட்டார்கள். 1977 ஆகஸ்ட் 26 இரவு மாஸ்கோவில், அப்போது பயன்பாட்டில் இருந்த பழைய பத்து மாடித் தூதரகத்தில் தீப்பிடித்தது. தூதர் மால்கம் டூன் தீயணைப்பவர்களை உள்ளே விட்டார். ஆனால் ரகசியப் பகுதி எரிந்தாலும் பரவாயில்லை, அங்கே விடமாட்டேன் என்று நின்றார். தலைக்கவசம் போட்டு வந்தவர்களில் கேஜிபி ஆட்களும் இருந்தார்கள் என்பது அமெரிக்கத் தரப்பின் உறுதியான கருத்து. 1991 மார்ச்சில் அதே கட்டடம் மறுபடி எரிந்தபோதும் இதே புகார் எழுந்தது.

சென்னைக்காரரான உங்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் ஜெமினி பாலத்தருகே இருப்பது துணைத் தூதரகம், தூதரகம் டெல்லியில். துணைத் தூதரகங்களுக்கு 1963-ன் தனி உடன்படிக்கை உண்டு. அதன் 31-வது பிரிவு, தீ போன்ற உடனடி ஆபத்தில் தலைமை அதிகாரியின் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

உள்ளே ஓடிப் போய் அடைக்கலம் கேட்டால் காப்பாற்ற வேண்டியது கட்டாயமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

கட்டாயம் இல்லை. வியன்னா உடன்படிக்கை தூதரக அடைக்கலத்தை ஓர் உரிமையாகத் தரவில்லை. ஆனால் உள்ளே வந்தவரைப் பிடிக்கப் போலீஸ் நுழையவும் முடியாது. அதனால் வருகிற விளைவு ஒரு முட்டுக்கட்டை: வெளியேறினால் கைது, உள்ளே இருந்தால் முடிவில்லாத காத்திருப்பு. 1978 ஜூனில் சைபீரியாவைச் சேர்ந்த பெந்தெகொஸ்தே கிறித்தவர் ஏழு பேர், சோவியத் காவலர்களைத் தாண்டி மாஸ்கோ தூதரகத்துக்குள் ஓடினார்கள். உடன் வந்த பையன் வாசலிலேயே பிடிபட்டான். அவர்கள் அடித்தளத்தில் ஒரு சிறிய அறையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு இருந்தார்கள். உண்ணாவிரதம், நீண்ட பேச்சுவார்த்தை எல்லாம் கடந்து 1983-ல்தான் நாட்டை விட்டுப் போக அனுமதி கிடைத்தது. தூதரகத்துக்குப் போனால் மறுநாள் விமானம் ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சமையல், துப்புரவு, ஓட்டுநர் வேலைக்கு உள்ளூர் ஆட்களைத்தானே வைப்பார்கள்? அவர்களை நம்ப முடியுமா?
– வாசகர், ஈரோடு

சோவியத் காலத்தில் அவர்களை அனுப்பி வைத்ததே அரசின் ஓர் அமைப்பு. 1986 அக்டோபரில், அமெரிக்கா 55 சோவியத் அதிகாரிகளை வெளியேற்றியதற்குப் பதிலடியாக, மாஸ்கோ தூதரகத்தில் வேலை செய்த 260 சோவியத் ஊழியர்களையும் ஒரே நாளில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதிகாரிகளே வண்டி ஓட்டவும் சமையலறை பெருக்கவும் வேண்டியதாயிற்று. உளவு ஆபத்து குறைந்தது, அலுவலக வேலை தேங்கியது. உள்ளூர் ஊழியரில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோவியத் மட்டும்தான் இப்படிச் செய்ததா?
– வாசகர், மதுரை

இல்லை. வாஷிங்டனில் சோவியத் தூதரகத்துக்குக் கிடைத்தது மேடான இடம், ரேடியோ அலைகளைப் பிடிக்க வசதியானது. அதன் அடியில் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சுரங்கம் தோண்டியது. 2001-ல் பத்திரிகைகளில் வெளியானது. அதற்கு வெகு காலம் முன்பே, எஃப்பிஐயில் இருந்துகொண்டே மாஸ்கோவுக்கு உளவு சொன்ன ராபர்ட் ஹான்சன் அந்தச் சுரங்கத்தைக் காட்டிக் கொடுத்திருந்தார்.

தூதரகத்தின் முகவரியை மாற்றினார்கள் என்று செய்தி பார்த்தேன். அது சட்டப்படி செல்லுமா?
– வாசகி, திருச்சி

தெருவுக்குப் பெயர் வைப்பது உள்ளூர் நிர்வாகத்தின் உரிமை, எனவே செல்லும். 2018-ல் வாஷிங்டன் நகர நிர்வாகம், ரஷ்யத் தூதரகத்தின் முன்னே உள்ள இடத்துக்கு, 2015-ல் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்த்சோவின் பெயரை வைத்தது. 2022-ல் மாஸ்கோ, அமெரிக்கத் தூதரகத்தின் முன்னே உள்ள இடத்துக்கு, கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் அறிவித்த குடியரசின் பெயரால் ‘தோனெத்ஸ்க் மக்கள் குடியரசுச் சதுக்கம்’ என்று பெயரிட்டு அதையே அதிகாரபூர்வ முகவரி ஆக்கியது. பெயர்ப்பலகை மாறினாலும் 22-வது பிரிவின் பாதுகாப்பில் எதுவும் மாறாது.